பேடில் சால்டர் ஏன் பிடிக்கவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எல்.இ.டி. டிரைவர் போர்டுகளைச் சிறிய அளவில் அசெம்பிள் செய்கிறோம். போன வருடம் வாங்கிய இம்மெர்ஷன் டின் (செம்பின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு) போர்டுகளில் மிச்சம் இருந்ததை இப்போது எடுத்தால், பேடுகளில் (பார்ட்ஸ் பற்ற வைக்கும் இடங்களில்) சால்டர் பரவாமல் உருண்டு நிற்கிறது. ஈரம் ஏறியிருக்கும் என்று ஓவனில் வைத்துச் சுட்டோம், இன்னும் மோசமாகிவிட்டது. பிளேடால் சுரண்டிப் பார்க்கலாமா? – வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சுரண்டாதீர்கள். இம்மெர்ஷன் டின் பூச்சின் கனம் சுமார் 1 மைக்ரான்தான். அதற்குள்ளேயே கேடு நடந்திருக்கிறது. பூசிய நாள் முதல் அடியிலுள்ள செம்பு மெல்ல வெள்ளீயத்துக்குள் ஏறுகிறது. இரண்டும் கூடி ஒரு கலவைப் படலம் உண்டாகிறது. சாதாரண அறைச் சூட்டிலேயே இது நடக்கும். அந்தப் படலம் மேற்பரப்பை எட்டிவிட்டால் காற்றில் ஆக்சைடாகிவிடும், பிறகு சாதாரண பிளக்ஸ் (சால்டர் பிடிப்பதற்காக ஆக்சைடை நீக்கும் பொருள்) அதை அசைக்காது. பார்வைக்கு வெள்ளையாக இருப்பதை நம்பவே கூடாது. தூய வெள்ளீயம் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கணக்கு.

சூடு கூடினால் அந்தப் படலம் வேகமாக வளரும். நீங்கள் ஓவனில் சுட்டபோது ஈரம் போயிருக்கும், கூடவே இருந்த கொஞ்ச வெள்ளீயமும் செலவாகியிருக்கும். இதே காரணத்தால்தான் இருபக்கப் போர்டில் ஒரு பக்கம் ரீஃப்ளோ (போர்டையே சூடாக்கி சால்டரை உருக்கிப் பிடிக்க வைப்பது) முடித்துவிட்டு அடுத்த பக்கத்தை வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் முடிப்பது நல்லது.

முதலில் ஒரு போர்டைச் சோதனைக்குப் பலி கொடுங்கள். ஒரு துண்டு வெட்டி, பிளக்ஸ் தடவி, சால்டர் உருக்கும் பாத்திரத்தில் மேலே மிதக்கும் கசடை வழித்துவிட்டு, 245 டிகிரி செல்சியஸில் (வெள்ளீயம் 63, காரீயம் 37 சதவீதம் கலந்த 63/37 சால்டர் என்றால் 235) 5 விநாடி முக்கி நிதானமாக வெளியே எடுங்கள். பேடு பரப்பில் 95 சதவீதமாவது புது சால்டர் சீராக மூடியிருந்தால் தேறிவிட்டது. சால்டர் படவே இல்லையென்றால் மேற்பரப்பு ஆக்சைடு. பரவிவிட்டுப் பின்வாங்கி மேடுமேடாக நின்றால், மேலிருந்த வெள்ளீயம் உருகிக் கரைந்து, அடியில் கெட்ட படலம் வெளிப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சில போர்டுகள்தான் என்றால், ரோஸின் பிளக்ஸ் போட்டு 63/37 சால்டரை அயர்னால் ஒவ்வொரு பேடிலும் பரப்பி, செம்பு விக்கால் (செம்புக் கம்பிப் பின்னலால்) உறிஞ்சி எடுத்துப் பாருங்கள். நன்றாக மினுங்கிப் பிடித்த பேடுகள் பிழைத்தன. நூற்றுக்கணக்கில் என்றால் கையால் மல்லுக்கட்ட வேண்டாம். போர்டு செய்தவரிடமே பூச்சைக் கெமிக்கலில் கழற்றி மறுபடி பூச முடியுமா என்று கேளுங்கள்.

இனி வாங்கும்போது தயாரித்த தேதி கேட்டு வாங்குங்கள். பொதுவாக 6 மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு; ஆனியிலும் ஐப்பசியிலும் பாக்கெட்டைத் திறந்து போட்டுவிடாதீர்கள். சிலிக்கா ஜெல்லோடு மூடிய பையில் வையுங்கள். பேடை விரலால் தொடவே வேண்டாம். வியர்வை உப்பு போதும்.

கேள்வி: படகு வயர்லெஸ், எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் காட்டும் கருவி) பழுது பார்க்கிறோம். பழைய ஸ்டாக் பார்ட்ஸ்களின் கால்கள் கறுத்துக் கிடக்கின்றன. ஆசிட் பிளக்ஸ் போட்டால் உடனே பிடிக்கிறது. போடலாமா? – வாசகர், குளச்சல்

பதில்: தகர வேலைக்கான அந்தத் துத்தநாக குளோரைடு பிளக்ஸை எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். கம்பிக்குள்ளும் ஐ.சி. அடியிலும் தங்கும் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, செம்பைப் பச்சை பூக்க வைத்து அறுத்துவிடும். கடலோரத்தில் அதற்கு அதிக நாள் ஆகாது.

கன்னங்கரேலென்று இருந்தால் அது பெரும்பாலும் வெள்ளிப் பூச்சில் படிந்த சல்பைடு. காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்: ஒட்டினால் கால் இரும்புக் கலவை, ஆழமாகச் சுரண்டினால் பூச்சு போய்த் துருப்பிடிக்கும். ஃபைபர் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ரோஸின் பிளக்ஸில் நனைத்து, உருகிய சால்டர் பாத்திரத்தில் 2 அல்லது 3 விநாடி முக்கி எடுங்கள். பார்ட்டின் உடம்பிலிருந்து 2 மில்லிமீட்டராவது விட்டுவிட வேண்டும். கண்ணாடி டையோடானால் காலில் முதலைக் கிளிப் மாட்டிச் சூட்டை இழுக்கவும்.

கேள்வி: காற்றாலைக் கண்ட்ரோல் பேனலில் பழைய ரிலே ஒன்றின் உள்ளே முடி போல் மெல்லிய கம்பிகள். துடைத்துவிடலாமா? – வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: அது வெள்ளீய விஸ்கர். பளபளப்பான தூய டின் பிளேட்டிங்கில் உள்ள அழுத்தத்தால் தானே முளைக்கும், மின்சாரம் தேவையில்லை. மில்லிமீட்டர் கணக்கில் நீண்டு இரண்டு முனையைச் சேர்க்கும். குறைந்த மின்னோட்டமானால் ஷார்ட் அப்படியே நிற்கும். கூடினால் எரிந்து மறைந்துவிடும், அப்புறம் பழுது எங்கே என்றே தெரியாது. துடைத்தால் உடைந்த கம்பி வேறிடத்தில் விழும். ரிலேயை மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது மேட் (பளபளப்பில்லாத) டின், அதன் அடியில் நிக்கல் என்று கேளுங்கள்.