‘ஒரே தீவுதானே?’ என்று கேட்டது தவறா?

கேள்வி: பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வந்து மூன்று வருடமாகிறது. போன வாரம் டீ குடிக்கும்போது வட அயர்லாந்தும் அயர்லாந்தும் மறுபடி இணைவது பற்றிப் பேச்சு வந்தது. “ஒரே தீவுதானே, சேர்ந்துவிட்டால் என்ன?” என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். ஒரு தோழி உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார். எனக்கு மிகவும் நெருக்கமான இன்னொருவர் கப்பை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. நான் என்ன தவறு செய்தேன்? - பெயர் வேண்டாம், பெல்ஃபாஸ்ட்

பதில்: அன்புச் சகோதரிக்கு, தவறான எண்ணத்தில் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ‘ஒரே தீவுதானே’ என்பது நமக்குத்தான் சாதாரணப் பேச்சு. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி, அயர்லாந்து தனி நாடு. பிரிட்டனிலேயே இருக்க விரும்புபவர்கள் யூனியனிஸ்டுகள், அயர்லாந்தோடு இணைய விரும்புபவர்கள் தேசியவாதிகள். நீங்கள் கேட்டது அங்கே தேசியவாதிகள் தரப்பின் வாதம். எழுந்து போனவர் காதில், நீங்களும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டதாக விழுந்திருக்கும்.

சுயநிர்ணய உரிமை மக்களுக்கு உண்டு என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. எந்த மக்கள் என்பதில்தான் நூறு வருடத் தகராறு. தீவு முழுவதும் பிரிட்டன் ஆட்சியில் இருந்த 1918இல் நடந்த தேர்தலில், அயர்லாந்தின் 105 தொகுதிகளில் 73ஐ விடுதலை கேட்ட ஷின் ஃபெயின் கட்சி வென்றது. தீவு முழுவதையும் சேர்த்து எண்ணினால் பிரிட்டனை விட்டு விலகுவதே தீர்ப்பு. வடகிழக்கைத் தனியாக எண்ணினால் தீர்ப்பு தலைகீழ். 1921இல் போட்ட எல்லை இந்த இரண்டாவது கணக்கின்படி வந்தது. உல்ஸ்டர் மாகாணத்தின் 9 மாவட்டங்களில் 6 மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒன்பதையும் எடுத்திருந்தால் யூனியனிஸ்டுகளுக்குப் பெரும்பான்மை உறுதியாக இருந்திருக்காது. அந்த ஆறிலும்கூட டிரோன், ஃபெர்மானா இரண்டிலும் தேசியவாதிகளே அதிகம். அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. உற்சாகமாகப் பேசிய உங்கள் தோழியின் மனதில் தலைமுறைகளாக இருக்கும் வலி இது.

எழுந்து போனவரின் வலியும் குறைந்ததில்லை. 1960களின் இறுதியில் தொடங்கிய முப்பது வருட வன்முறையில் 3,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் வட அயர்லாந்தில். அப்போது அதன் மக்கள்தொகையே சுமார் 15 லட்சம்தான். அவ்வளவு சின்ன ஊரில் எந்த வீட்டில் யாரை இழந்திருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. பிரிட்டனிலிருந்து குடியேறி நானூறு வருடமாக அங்கே வாழும் குடும்பத்தைப் பார்த்து ‘சேர்ந்துவிட்டால் என்ன’ என்றால், ‘நீ யார் என்பது ஒரு பொருட்டா’ என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

இந்த முடிச்சை, அந்த வன்முறையை முடித்துவைத்த 1998 பெரிய வெள்ளி ஒப்பந்தம் அவிழ்த்த விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உரிமை தீவின் மக்களுக்கே, ஆனால் வடக்கும் தெற்கும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும் என்றது. தீவு முழுவதும் தன்னுடையது என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருந்ததை அயர்லாந்து விட்டுக்கொடுத்தது. வடக்கில் பெரும்பான்மை கேட்டால் தடுக்க மாட்டேன் என்று பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. ஒரே நாளில் நடந்த வாக்கெடுப்பில் வடக்கில் 71, தெற்கில் 94 சதவீதம் ஆதரவு. வடக்கில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். இறையாண்மை மாறினாலும் அந்த உரிமை மாறாது.

அப்புறம், தேசியவாதிகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், யூனியனிஸ்டுகளில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்ட் என்றாலும், இது மதச் சண்டை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5. அதை வைத்து வாக்குகளை எண்ணிவிட முடியாது. ஐந்தில் ஒருவர் தன்னை ‘வட அயர்லாந்துக்காரர்’ என்று மட்டுமே பதிந்தார். முடிவு இவர்கள் கையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இணைவதற்குப் பாதிக்கு மேல் ஒரே ஒரு வாக்கு போதுமா என்று அங்கே வாதம் நடக்கிறது. போதும் என்பதே என் கருத்து. வடக்கு இன்று பிரிட்டனில் இருப்பதற்கும் அதே பெரும்பான்மைதான் ஆதாரம். 1998இல் வைத்த அந்த அளவுகோலை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களிடம் இப்போது அளவுகோலை உயர்த்துவது கொடுத்த வாக்கைத் தவறுவது. ஆனால் மருத்துவச் செலவை யார் பார்ப்பது, ஓய்வூதியம் எங்கிருந்து வரும், பெல்ஃபாஸ்ட் சட்டமன்றம் இருக்குமா என்பதையெல்லாம் எழுதிக் காட்டாமல் வாக்குக் கேட்கக் கூடாது. பிரெக்ஸிட்டில் என்ன கிடைக்கும் என்று தெரியாமலேதான் வாக்களித்தார்கள். அதிலும் வட அயர்லாந்து 55.8 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே விரும்பியது.

சரி, உங்கள் தோழி விஷயத்துக்கு வருகிறேன். நாள் கடத்தாதீர்கள். தனியாக இருக்கும்போது, “அன்றைக்கு யோசிக்காமல் கேட்டுவிட்டேன், மனம் நொந்திருந்தால் மன்னியுங்கள்” என்று சொல்லுங்கள். வரலாற்றை நீங்கள் விளக்கத் தொடங்க வேண்டாம். அவர் எங்கே வளர்ந்தார், அந்தத் தெரு அப்போது எப்படி இருந்தது என்று கேளுங்கள். சொல்ல மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். டெர்ரியா லண்டன்டெர்ரியா என்று ஓர் ஊரின் பெயர்கூட அங்கே தரப்பைக் காட்டிவிடும். எதிரில் இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நீங்களும் சொல்லலாம்.

இன்னொன்று. இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், முறையான விசாவில் அங்கே வசிப்பவர்கள் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். நீங்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டீர்களா? இணைப்பு வாக்கெடுப்பு வந்தால் யாருக்கு வாக்கு என்பதை அப்போது வரும் ஆணைதான் சொல்லும். உங்களுக்கும் வாக்கு கிடைத்தால், இரண்டு தோழிகளில் யாராவது ஒருவர் நீங்கள் போட்டதை நினைத்து வருந்தத்தான் செய்வார். இருவரிடமும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிடப் பெரிய காரணம் உங்களுக்கு வேண்டுமா?