ஒற்றைச் சிறுநீரகம்: எதைக் குடிக்கலாம், எதை விடலாம்?

ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது. தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியாக இருந்தால், எல்லாரையும் போல ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். வெயிலில் உழைத்தால் கூடுதலாக. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நிறமே இல்லாமல் போக வேண்டியதில்லை. ஒரேயடியாக இரண்டு மூன்று லிட்டர் குடிக்காதீர்கள். இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறுவது கஷ்டம். மிஞ்சும் நீர் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, தலைவலி, வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோகும்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினருக்குத் தண்ணீரைக் குறைத்திருக்கிறார்கள். நானும் குறைக்கட்டுமா?

வேண்டாம். அவருக்குச் சிறுநீர் சரியாகப் பிரிவதில்லை, உங்களுக்குப் பிரிகிறது.

ஆரஞ்சு ஜூஸ் குடிக்கலாமா?

கடிதத்தில் இந்த ஒரு வரிதான் இருந்தது. பொட்டாசியம் எவ்வளவு, என்ன மாத்திரை, தானம் கொடுத்தவரா, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவரா, எதுவுமே இல்லை. எதை வைத்துப் பதில் சொல்வது? ஒரு டம்ளரில் ஏறக்குறைய 450 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 5-க்குள் இருந்தால் சிறிய டம்ளர் குடிக்கலாம். லோசார்டான், எனாலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் கிரேப்ஃப்ரூட் ஜூஸைத் தொடவே கூடாது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு ரத்தத்தில் எகிறிவிடும். முதலில் ரிப்போர்ட், அப்புறம் டம்ளர்.

காபி?

நாளுக்கு இரண்டு மூன்று கப். பி.பி. கட்டுக்குள் இருக்க வேண்டும்.

சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் மூலிகை பானத்தை மாதம் ஒருமுறை குடித்தால் நல்லதா?

கூடாது. இந்த ஒரு கேள்வி மட்டும் ஓயாமல் வருகிறது. சிறுநீரகம் சல்லடை மாதிரி அடைத்துக்கொண்டு கழுவக் காத்திருக்கும் உறுப்பு அல்ல. இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கு, இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, பெரும்பகுதியைத் திரும்ப உடலுக்கே அனுப்புகின்றன. சிறுநீரகத்தைக் கழுவ எந்தப் பானமும் இல்லை. பாட்டிலுக்குள் இருப்பதைப் பாருங்கள்: அதிமதுரம் பி.பி.யை ஏற்றி, பொட்டாசியத்தைத் தள்ளிவிடும். பச்சைக் கீரைச் சாற்றின் ஆக்ஸலேட்டும் அளவு மீறிய வைட்டமின் சி-யும் சிறுநீரகத்திலேயே படிகமாகப் படியலாம். சிலவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று லேபிளில்கூட இருக்காது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மூலிகைக் கலவையில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது; சாப்பிட்ட பல பெண்களுக்குச் சிறுநீரகம் மீளாமலே போனது. அவர்களுக்கு இரண்டு இருந்தன. உங்களுக்கு ஒன்றுதான். ஏற்கெனவே குடித்துவிட்டீர்களா? நிறுத்திவிட்டு இந்த வாரமே கிரியேட்டினின், பொட்டாசியம் பாருங்கள். பாட்டிலையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

ஜிம்முக்குப் போகிறேன். புரோட்டீன் ஷேக், கிரியேட்டின் எடுக்கலாமா?

ஒரு ஸ்கூப்பில் சுமார் 25 கிராம் புரதம். சாப்பாட்டோடு சேர்த்து, கிலோ எடைக்கு ஒரு கிராமுக்கு மேல் போக வேண்டாம். கிரியேட்டின் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் உயர்ந்து தெரியும். சிறுநீரகம் கெட்டதா, கிரியேட்டின் மாவின் வேலையா என்று பிரித்துச் சொல்வது கடினம். தவிர்த்துவிடுங்கள்.

கோலா குடித்தால் என்ன?

330 மி.லி. கேனில் 35 கிராம் சர்க்கரை, கூடவே பாஸ்பாரிக் அமிலம். தினசரிப் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஸ்டார் ஃப்ரூட் ஜூஸ்?

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு இது நரம்பு நஞ்சு. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு வரும். ரிப்போர்ட் பார்க்காமல் ஒரு வாய்கூடக் கூடாது.

ஏற்கெனவே ஒருமுறை ஆக்ஸலேட் கல் வந்தது. டீ குடிக்கலாமா?

இரண்டு கப், பால் சேர்த்து. பாலின் கால்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். தினம் 16 கிளாஸ் ஐஸ் டீ குடித்த 56 வயதுக்காரருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டதை 2015-இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று விவரிக்கிறது. உங்களுக்குச் சிறுநீரே நாளுக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும்; அதற்கேற்பத் தண்ணீரைப் பகல் முழுவதும் பிரித்துக் குடியுங்கள். வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் நின்றுபோனால், தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிற ஒரே குழாயைக் கல் அடைத்திருக்கலாம். அந்த நேரமே அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.