காற்றுச் சறுக்கில் தண்ணீர் தேங்கினால்: டர்பன் முதல் கேப் டவுன் வரை வாடகைக்காரர்களின் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் பள்ளி விடுமுறையும் பிறந்தநாள் விருந்துகளும் கோயில் நிதி திரட்டும் நாட்களும் கூடி வருவது கோடையில்தான். கேப் டவுன் பக்கம் தவிர, பெரும்பாலான இடங்களில் மழையும் அப்போதுதான். ஜம்பிங் காஸில் (குழந்தைகள் குதித்து விளையாடும், காற்றடைத்த துணிக்கோட்டை), காற்றுச் சறுக்கு, தண்ணீர்ச் சறுக்கு வாடகைக்கு விடுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

சாட்ஸ்வொர்த்: சறுக்கி வந்து விழும் மெத்தையின் ஒரு மூலையில் எப்போதும் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் திரும்ப வருகிறது. அந்த மூலையில் ஒரு துளை போட்டுவிடலாமா?

வேண்டாம். மெத்தையின் மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவில் இருப்பது காற்று. துளை போட்டால் தண்ணீர் வெளியே போகாது; காற்று கசிந்து அழுத்தம் குறையும், ப்ளோயர் (காற்று ஊதும் இயந்திரம்) நின்றதும் தண்ணீர் காற்றறைக்குள்தான் இறங்கும். மேலிருந்து கீழ்வரை துணிக்குழாய் வைத்துத் தைத்த வடிகால் வேண்டுமென்றால் அது தைப்பவரின் பட்டறையில், உரிய அளவு பார்த்துச் செய்யவேண்டிய வேலை. மெத்தையும் பக்கச்சுவரும் சேருமிடத்தில் ஒற்றைத் துணிப்பட்டை இருந்தால், அதில் மட்டும் வலையோடு ஒரு வடிகால் துளை வைத்துத் தரச் சொல்லலாம்.

துளையைப் பற்றி யோசிக்கும் முன் இரண்டைப் பாருங்கள். முதலாவது தரை. சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும். வீட்டு முற்றம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். 2 மீட்டர் நீளப் பலகை ஒன்றைத் தரையில் வைத்து, மேலே மட்டப்பலகையை (ஸ்பிரிட் லெவல்) வையுங்கள். மட்டம் காட்டும்வரை தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். 4 செ.மீ. தூக்கவேண்டி வந்தால் சரிவு 2 சதவீதம். இஎன் 14960 என்ற ஐரோப்பியத் தரநிலை எந்தப் பக்கமும் 5 சதவீதத்துக்கு மேல் சரிவு கூடாது என்கிறது. எங்கள் கருத்தில் குழந்தைகள் வெளியேறும் வாய் பக்கமாக 1 முதல் 2 சதவீதச் சரிவு நல்லது. பக்கவாட்டில் சரிவே வேண்டாம். பக்கவாட்டுச் சரிவு இருக்கிற இடத்தில் தண்ணீர் ஒரு மூலைக்குத்தான் போகும், நீங்கள் நாள் முழுக்க அதைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது காற்றழுத்தம். பெரும்பாலானோர் இதை அளப்பதே இல்லை, பல குளங்களுக்குக் காரணம் இதுதான். இத்தகைய சறுக்குகளுக்குள் இருக்கவேண்டிய அழுத்தம் குறைந்தது 1 கிலோபாஸ்கல், அதாவது 10 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவு. உயரமான சறுக்குக்கு இன்னும் கூடுதல் வேண்டும். தயாரிப்பாளர் தகட்டில் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் மெத்தை சற்றே குழியும், குழியில் தண்ணீர் சேரும், சேர்ந்த தண்ணீரின் பாரத்தில் குழி இன்னும் ஆழமாகும். ஒரு கை அளவில் தொடங்கியது அரைமணி நேரத்தில் தொட்டியாகிவிடும்.

அளக்கும் கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். 6 மி.மீ. துளையுள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் 2 மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் இங்கிலீஷ் ‘யூ’ எழுத்துப்போல வளைத்துக் கட்டுங்கள். பாதிவரை நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ப்ளோயருக்கு எதிர்க்கோடியில் உள்ள ஜிப்பை ஒரு விரல் அளவு திறந்து, குழாயின் ஒரு நுனியை உள்ளே விட்டு, அதைச் சுற்றி ஜிப்பை இறுக்குங்கள். மறுநுனி திறந்தே இருக்கட்டும். குழாயின் இரு பக்கங்களிலும் நிற்கும் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் 10 செ.மீ. என்றால் 1 கிலோபாஸ்கல். 7, 8 என்று காட்டினால் ப்ளோயரின் வாயில் இலைதழை ஒட்டியிருக்கிறதா, காற்றுக்குழாய் முறுக்கிக்கொண்டதா, அதன் கட்டுவார் தளர்ந்ததா, பின்பக்க ஜிப்பு மூடாமல் கிடக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் துணி எங்காவது கிழிந்திருக்கலாம். அல்லது அந்தச் சறுக்குக்கு ப்ளோயர் சிறியது.

ஃபீனிக்ஸ்: தண்ணீர்ச் சறுக்கு வைத்திருக்கிறோம். காலையிலிருந்து ப்ளோயர் நிற்கவே இல்லை, ஆனாலும் மாலையில் காற்றறைக்குள் வாளி வாளியாகத் தண்ணீர். எப்படிப் போகிறது?

மேலே சொன்ன 10 செ.மீ. கணக்கேதான் இங்கும். தைத்த சறுக்குகளில் ஊசித்துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். உள்ளே காற்றழுத்தம் அதிகமாக இருக்கும்வரை அந்தத் துளைகள் வழியே காற்று வெளியே கசியும், தண்ணீர் உள்ளே வராது. ஆனால் அடியில் உள்ள தொட்டியில் 15 செ.மீ. தண்ணீர் நின்றால், தொட்டித் தரையின் தையலில் தண்ணீர் அழுத்துவது 1.5 கிலோபாஸ்கல். உள்ளே 1 கிலோபாஸ்கல்தான் என்றால் தண்ணீர் ஜெயிக்கிறது. ப்ளோயர் ஓடினாலும் உள்ளே புகும்.

கண்டுபிடிப்பது எளிது. தொட்டியில் தண்ணீர் நிற்கும்போது தையல் வரிசைகளைப் பாருங்கள். குமிழி வந்துகொண்டிருந்தால் காற்றின் கை ஓங்கியிருக்கிறது. குமிழி நின்றுபோன தையல் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகிறது. அப்போது தண்ணீர் மட்டத்தைக் குறையுங்கள், அல்லது அழுத்தத்தைக் கூட்டுங்கள். மட்டத்தைக் குறைப்பதே நல்லது: 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் தொட்டியில் 20 செ.மீ. தண்ணீர் என்றால் 1500 லிட்டர், ஒன்றரை டன் எடை. தண்ணீர் சுவரைத் தள்ளும் விசை, சுவரும் தரையும் சேரும் தையலை இழுக்கிறது. தயாரிப்பாளர் வைத்த வழிவாய்க்கு (மிஞ்சிய தண்ணீர் வழியும் திறப்பு) மேலே மட்டம் போகாமல் பாருங்கள். அந்த வாயைத் துண்டு வைத்து அடைத்துத் தண்ணீரைக் கூட்டுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நாள் முடிவில் தொட்டியைக் காலிசெய்த பிறகுதான் ப்ளோயரை நிறுத்தவேண்டும். முதலில் ப்ளோயரை நிறுத்தினால் தொட்டியில் மிச்சமிருப்பது அத்தனையும் ஊசித்துளைகள் வழியே உள்ளே இறங்கிவிடும். காற்றடைத்து வால்வை மூடிவிடுகிற, தையலில்லாத ஒட்டுவகைச் சறுக்குகளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

லெனேசியா: பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் என்ன செய்வது? ப்ளோயரை ஓடவிடுவதா, நிறுத்துவதா?

இடி, ஆலங்கட்டி, மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று: இந்த மூன்றில் எது வருவதாகத் தெரிந்தாலும் குழந்தைகளை இறக்கிவிட்டு, காற்றை இறக்கி மூடிவிடுங்கள். நனைந்த துணியைக் காய வைத்துக்கொள்ளலாம்; காற்று தூக்கிய சறுக்கைப் பிடிக்க முடியாது. ஹைவெல்ட் (லெனேசியா இருக்கும் உள்நாட்டு மேட்டுநிலம்) இடிமழைக்கு முன்னால் அடிக்கும் காற்று மழையைவிட ஆபத்து, அது மழைக்கு முன்பே வந்துவிடும். ஆகவே முதல் துளி விழும்வரை காத்திருக்கவேண்டாம்.

இடியோ காற்றோ இல்லாத சிறுதூறல் என்றால், குழந்தைகள் இல்லாமல், ப்ளோயரை ஓடவிடுங்கள். நிமிர்ந்து நிற்கும் சறுக்கில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், உள்ளேயும் புகாது.

காற்றை இறக்கியபின் விரித்தபடியே விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை 1 லிட்டர். 10 மீட்டருக்கு 5 மீட்டர் விரிந்து கிடக்கும் சறுக்கின்மேல் 20 மி.மீ. மழை பெய்தால் 1000 லிட்டர், ஒரு டன். இரு பக்கங்களையும் நடுவை நோக்கி மடித்துப் போடுங்கள், நடு முதுகு மேடாகட்டும். அதன்மேல் தார்ப்பாயை, ஓரங்கள் தரைவரை தொங்கும்படி போட்டுக் கட்டுங்கள். பள்ளமாக விழும் இடம் இருந்தால் தார்ப்பாயின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்து வையுங்கள், கூரைபோல நிற்கும்.

மழை விட்டதும் உடனே ப்ளோயரைப் போடவேண்டாம். இரண்டு மூன்று பேராக ஓரங்களைத் தூக்கித் தண்ணீரை உருட்டி வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். நிழற்கூரை உள்ள சறுக்கில் கூரைத்துணியில் தங்கிய தண்ணீரை அடியிலிருந்து துடைப்பத்தின் மயிர்ப்பக்கத்தால் தள்ளுங்கள். கழியின் முனை துணியைக் கிழிக்கும்.

டோங்காட்: கோயில் மைதானத்தில் இரண்டு தண்ணீர்ச் சறுக்கு போடப்போகிறோம். வழிகிற தண்ணீரை எந்தப் பக்கம் விடுவது?

சறுக்கைத் தரையோடு பிடித்துக் கட்டும் முளைகளுக்கும் மின்சாரத்துக்கும் எதிர்ப்பக்கம். சறுக்கைச் சரியாகக் கட்டியிருந்தும், வழிந்த தண்ணீர் நாள் முழுக்க முளையடியில் ஊறி மண்ணை இளக்கிவிடுவதை யாரும் கவனிப்பதில்லை. 380 மி.மீ. நீளமும் 16 மி.மீ. விட்டமும் உள்ள இரும்பு முளை கெட்டி மண்ணில் நன்றாகப் பிடிக்கும். சேற்றில் கையாலேயே வந்துவிடும். குறைந்தது ஆறு இடத்தில் கட்டவேண்டும் என்பதும், ஒவ்வொரு கட்டும் 1600 நியூட்டன், அதாவது சுமார் 163 கிலோ, இழுவிசையைத் தாங்கவேண்டும் என்பதும் அதே இஎன் 14960 சொல்வது. ஒரு மணிக்கொரு முறை ஒவ்வொரு முளையையும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் குழந்தைகளை இறக்கிவிட்டு, காய்ந்த இடத்துக்கு மாற்றி அடியுங்கள். வடிகாலில் தட்டையான ஹோஸ் ஒன்றை மாட்டி, பள்ளமான பக்கத்துக்கு 10 மீட்டராவது கொண்டுபோய் விடுங்கள். குழந்தைகள் வரிசையில் நிற்கும் இடத்தில் வைக்கோலோ ரப்பர் பாயோ போடாவிட்டால், அவர்கள் காலில் ஏறும் சேறு சறுக்கின்மேல் போய் வடிகால் வலையை அடைக்கும்.

ப்ளோயர் சறுக்கிலிருந்து 1.2 மீட்டராவது தள்ளி, தரையைவிட உயரமான மரப்பலகைமேல் இருக்கட்டும். மழைக்கு மூடி போட்டால் காற்று இழுக்கும் வாயை அடைக்காத மூடி வேண்டும். சாரல் அடிக்கிற பக்கம் வாய் இருந்தால் ப்ளோயரே ஈரத்தை உள்ளே ஊதும். கேபிள் ரப்பர் உறை போட்டதாக, 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிப்பது) வழியாக வரவேண்டும். இணைப்பு எதுவும் புல்லில் கிடக்கக்கூடாது. 50 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. கம்பி போட்டால் 8 ஆம்பியரில் ஏறத்தாழ 10 வோல்ட் இறங்கிவிடும், 2.5 சதுர மி.மீ. என்றால் 6 வோல்ட்தான். சுருளை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடி இருந்தால் சூடேறும்.

மின்சாரம் திடீரென நின்றால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் இதைப் பலர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். மேடையில் நிற்கும் குழந்தைகள் முதலில் இறங்கவேண்டும், ஒருவர் தொட்டியின் வடிகாலைத் திறக்கவேண்டும். தொட்டியில் தண்ணீரோடு சுவர்கள் சரிந்தால் துணிக்கும் தண்ணீருக்கும் நடுவில் சின்னக் குழந்தை அகப்பட்டுக்கொள்ளும். ஜெனரேட்டர் வைத்திருந்தால் இரண்டு ப்ளோயர்களையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: சறுக்கை விரித்தாலே முடைநாற்றம். கறுப்புப் புள்ளிகளும் வந்துவிட்டன.

ஈரத்தோடு சுருட்டி வைத்ததன் பலன். முதலில் உள்தண்ணீரை வெளியேற்றுங்கள். சறுக்கை ஊதி, தாழ்ந்த பக்கத்து ஜிப்பைக் கையளவு திறந்துவிட்டு ப்ளோயரை ஓடவிட்டால் காற்றே தண்ணீரைத் தள்ளும். உள்மூலைகளில் தங்கியதை ஈரம் உறிஞ்சும் வேக்குவம் போட்டு எடுங்கள். பிறகு வெயிலில் 3, 4 மணி நேரம் ஊதியபடி காயட்டும். ஏறும் படிகளின் அடியும் சுவரும் மெத்தையும் சேரும் மடிப்பும்தான் கடைசியில் காயும் இடங்கள். அங்கே பழைய துண்டைச் செருகி எடுத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் இன்னும் முடியவில்லை.

புள்ளிகளுக்கு முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான பிரஷும். போகாவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ஜிக் (வீட்டு ப்ளீச்). அது 3.5 சதவீதக் கரைசல் என்பதால் இப்படிக் கலந்தால் சுமார் 0.1 சதவீதம் ஆகும். 10 நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். கெட்டியாகக் கலந்தால் நிறம் போகும், தையல் நூலும் பலமிழக்கும். ஜிக்கோடு வினிகரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். இந்தத் தண்ணீரைத் தெரு மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள், அது நேராக ஆற்றுக்குப் போகிறது.

சுருட்டும்போது ப்ளோயர் குழாய்க்கு எதிர்க்கோடியிலிருந்து குழாயை நோக்கிச் சுருட்டுங்கள். மிஞ்சிய காற்றும் தண்ணீரும் அந்த வழியே வெளியே வரும். மறுபக்கமாகச் சுருட்டினால் இரண்டையும் உள்ளேயே பூட்டுகிறீர்கள். விருந்து இரவில் முடிந்து, ஈரமாகவே எடுத்துவர வேண்டியிருந்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாளே விரித்துக் காய வையுங்கள். டர்பன் கரையோரப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாள் தாமதமே பூஞ்சைக்குப் போதும்.

கேப் டவுன்: தண்ணீர் வீணாகிறதே என்று மனம் உறுத்துகிறது. குறைக்க வழி உண்டா?

உறுத்தவேண்டியதுதான். 2018-இல் அந்த நகரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் அனுமதி. 10 லிட்டர் வாளியை உங்கள் ஹோஸ் எத்தனை நொடியில் நிரப்புகிறது என்று பாருங்கள். 30 நொடி என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர், மூன்று மணி நேரத்துக்கு 3600 லிட்டர். சறுக்குப் பாதை ஈரமாக இருந்தால் போதும், வெள்ளம் ஓடவேண்டியதில்லை. மேலே உள்ள தெளிப்புக் குழாய்க்கு முன் ஒரு குழாய்த்திருகு மாட்டி, வாளி 90 நொடியில் நிரம்பும் அளவுக்குக் குறையுங்கள். அதே மூன்று மணி நேரத்துக்கு 1200 லிட்டராகும். தொட்டியில் தேங்குவதும் அதோடு குறையும். ஒரே தண்ணீரை பம்பு வைத்து மேலேற்றிச் சுற்றவிடுவதை, வடிகட்டியும் குளோரினும் இல்லாமல் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சோப்பும் ஜிக்கும் கலக்காத தண்ணீர் தோட்டத்துக்குப் போகலாம்.

லாடியம்: தண்ணீர் ஒட்டாமலிருக்க சிலிகோன் ஸ்ப்ரே அடிக்கலாமா? தையல்களைப் பசையால் அடைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். சிலிகோன் படிகளிலும் பரவி ஏறுகிற கால் வழுக்கும். தையலில் காற்று கசிவது குறையல்ல, அந்த வகைச் சறுக்கின் அமைப்பே அதுதான். பிரிந்த தையலை மட்டும் திரும்பத் தையுங்கள்.

ஒரு பள்ளி ஆசிரியை: மதிய இடைவேளையில் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைக்காதீர்கள் அம்மா. குப்புற விழும் சின்னக் குழந்தைக்கு 5 செ.மீ. தண்ணீரே உயிரை எடுக்கப் போதும். கண்காணிப்பவர் சாப்பிடப் போகிறார் என்றால் முதலில் வடிகாலைத் திறந்து, தொட்டி முழுவதும் வடிந்ததைக் கண்ணால் பார்த்தபிறகுதான் போகவேண்டும்.