இருபது மணித்தியாலமும் பதினாறாயிரம் பவுண்ஸும்

கேள்வி: என் ஊர் முத்தையன்கட்டு. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், பம்பைமடுவில் படிக்கிறேன். அப்பாவுக்கு வயல்தான், அரிவு வெட்டி நெல் விற்றால்தான் வீட்டில் காசு. டவுனில் ஒரு போன் கடையில் பின்னேரம் நாலு மணியில் இருந்து இரவு ஒன்பது வரைக்கும் வேலை தருகிறார்களாம். போகலாமா?

பதில்: போகாதீர்கள் தங்கச்சி. சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஐந்து மணித்தியாலம், கிழமையில் ஆறு நாள் என்றால் முப்பது. அதற்குப் பகுதிநேரம் என்று பெயர் வைத்தது முதலாளி. நாலு மணிக்குக் கடையில் நிற்க வேண்டுமென்றால் பின்னேர லெக்சரையும் பிராக்டிக்கலையும் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும், இரவு கடை பூட்டிய பிறகு திரும்பிப் போக என்ன இருக்கிறது?

நானும் படிக்கிற காலத்தில் ஒரு புடவைக்கடையில் பில் எழுதினவன். முதலாளி நல்ல மனுசன், தேத்தண்ணி வாங்கித் தருவார், ஆனால் தீபாவளிக்கு முதல் கிழமை லீவு கேட்டால் முகம் மாறிவிடும். ஒரு வருடம் அந்தக் கிழமையில்தான் எனக்குப் பரீட்சை. இரவு பதினொன்றுக்கு வீட்டுக்கு வந்து, விடியக் காபன் தாள் மை போகாத விரலோடு மண்டபத்துக்குள் போனேன். அந்தப் பாடத்தை இரண்டாம் தரம் எழுதித்தான் பாஸ் பண்ணினேன்.

நேரத்தை நீங்களே வைக்கக்கூடிய வேலையாகப் பாருங்கள். சனி, ஞாயிறில் நாலு ஓ.எல் பிள்ளைகளுக்குக் கணிதமோ விஞ்ஞானமோ சொல்லிக் கொடுக்கலாம், பரீட்சை வந்தால் இரண்டு கிழமை நிறுத்தலாம், தாய் தகப்பன்மார் கோபிக்க மாட்டார்கள். மகாபொல உதவிப்பணம் கிடைக்கிறதா? 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாயில் இருந்து 7,500 ஆக்கினார்கள். பெரிய காசில்லைதான், ஆனால் அதற்குமேல் எவ்வளவு தேவை என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டு வேலை தேடுங்கள்.

கேள்வி: மகன் லண்டனில் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறார். ஃபீஸ் பதினாறாயிரம் பவுண்ஸ். பாதியைக் காணி உறுதி வைத்துக் கட்டிவிட்டோம், மிச்சத்தை அங்கே வேலை செய்து கட்டலாம் என்று ஏஜென்சிக்காரர் சொல்கிறார். உண்மையா? (நெளுக்குளத்தில் இருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, கணக்கை நீங்களே பாருங்கள். மாணவர் விசாவில் படிப்பு நடக்கிற காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான், எத்தனை கடையில் நின்றாலும் எல்லாம் சேர்த்து 20. 21 வயது தாண்டியவருக்கு 2025 ஏப்ரலில் வைத்த குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ஸ். மாதத்துக்கு ஏறத்தாழ 1,050 வரும். லண்டனில் ஒரு மாணவர் சீவிக்க மாதம் 1,483 வேண்டும் என்று அதே வருடத் தொடக்கத்தில் அந்த நாட்டு அரசாங்கமே விசாவுக்குக் கணக்குப் போட்டது. சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்குமே காணாத உழைப்பில் எட்டாயிரம் எப்படி மிஞ்சும்?

லீவில் முழுநேரம் உழைக்கலாம் என்றும் சொல்லியிருப்பார். முதல் டிகிரி படிக்கிற பிள்ளைகளுக்கு அது சரி. ஒரு வருட மாஸ்டர்ஸ் என்றால் கோடைகாலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும், அதுவும் படிப்புக் காலம்தான், அப்போதும் 20தான். இதை ஏஜென்சிக்காரர்கள் வாய் திறந்து சொல்வதில்லை.

அங்கே நம்மவர் கடையில் மிச்ச மணித்தியாலத்துக்குக் கைக்காசு தருவதாகச் சொல்வார்கள். தெரிந்த அண்ணன் ஒருவர் சாப்பாடு டெலிவரி செய்யத் தன் பெயரில் உள்ள கணக்கைத் தருவதாகவும் சொல்வார். இரண்டும் வேண்டாம் என்று மகனிடம் இப்போதே சொல்லுங்கள், பிடிபட்டால் போவது விசா, இங்கே அடகில் நிற்பது உங்கள் காணி. மிச்சக் காசுக்கு வழியில்லையென்றால் ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு அவரே நேரடியாக ஈமெயில் எழுதட்டும், ஏஜென்சி ஊடாக வேண்டாம்.

மற்ற நாடுகளைக் கேட்டு எழுதியவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையில் இருந்து இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம், கனடாவில் கம்பஸுக்கு வெளியே என்றால் 2024 நவம்பரில் இருந்து கிழமைக்கு 24.

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் இஞ்சினியரிங் படிக்கிறேன். ஹொஸ்டலில் இருந்தே ஒன்லைனில் லோகோ, போஸ்டர் செய்து உழைக்கிறேன். பிறகு லண்டனுக்குப் படிக்கப் போனாலும் இதைச் செய்யலாம்தானே?

பதில்: இங்கே தாராளமாகச் செய்யுங்கள் தம்பி, பஸ் காசு மிச்சம். அங்கே முடியாது. மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்யக் கூடாது, அங்கே அறையில் இருந்து கிளிநொச்சிக் கடை ஒன்றுக்கு போர்ட் டிசைன் பண்ணிக் காசு வாங்கினாலும் அது சொந்தத் தொழில்தான். கிடைக்கிற ஓடர்களைப் போகமுன் தம்பி தங்கச்சி யாருக்காவது பழக்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.