அந்தக் குதிரை ஏன் பின்தங்கியது?

அன்புள்ள ஐயா,
சித்திரைப் புத்தாண்டு லீவில் மகனோடு நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தோம். பாதி தூரம் முன்னால் வந்த ஒரு மூன்று வயதுக் குதிரை அப்புறம் தளர்ந்து கடைசியாக வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஏசினார்கள். "அது சோம்பேறிக் குதிரையாம்மா?" என்று மகன் இன்னும் கேட்கிறான். என்ன சொல்வது?
ஒரு வாசகி, ஹட்டன்

அன்புள்ள தங்கைக்கு,

சோம்பேறி இல்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

என் அப்பா தோட்டத்து லயத்திலிருந்து விடியுமுன்னே குதிரை லாயத்துக்கு வேலைக்குப் போனவர். லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். தீனி வைக்குமுன் குந்தி உட்கார்ந்து குதிரையின் முன்னங்கால்களைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே அதற்குச் சதையே கிடையாது. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். நுவரெலியாக் குளிரில் அந்த இடம் சில்லென்று இருக்க வேண்டும். சூடு தட்டினால் முந்தின நாள் ஓட்டம் உள்ளே எதையோ பதம் பார்த்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது. அந்தக் குதிரையை அன்றும் ஓட்டினார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பாய்ச்சலில் ஒற்றை முன்னங்கால் மட்டும் தரையில் ஊன்றும் கணம் உண்டு. 500 கிலோ அளவு உடம்பு அது. அந்தக் கணத்தில் கால் தாங்குவது அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மூச்சும் லேசானதல்ல. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான். அழுத்தம் தாங்காமல் நுரையீரலுக்குள் இரத்தம் கசிவது பந்தயக் குதிரைகளுக்குச் சர்வசாதாரணம். மூக்கு வழியே வந்தால்தான் நம் கண்ணுக்குத் தெரியும்.

மூன்று வயது என்று எழுதியிருக்கிறீர்கள். வட அரைக்கோளத்தில் பிறக்கும் தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள் என்று கணக்கு. மே மாதம் பிறந்த குட்டிக்கும் அதே கணக்கு. நீங்கள் பார்த்த குதிரைக்கு ஏப்ரலில் மூன்று முடியாமலேகூட இருந்திருக்கலாம். முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். ஆனால் இரண்டு வயதிலேயே ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இருபத்தைந்து வருஷம் வாழக்கூடிய உயிர், அதில் பலவற்றுக்கு ஐந்தாறு வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. பிள்ளையைச் சுமை தூக்க விட்டுவிட்டுக் கூன் விழுந்ததே என்று ஏசுவது நியாயமா?

அடுத்த முறை மகனைப் பந்தயத்துக்கு முன்னால், குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். தலையைக் கவனிக்கச் சொல்லுங்கள். முன்னங்கால் வலிக்கிற குதிரை, அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் தலையை மேலே தூக்கும்.