பாட்டு, ராயல்டி, ஒப்பந்தம்: சேலத்துப் பாடகர்களின் கேள்விகளுக்குப் பதில்

அஸ்தம்பட்டியில் 20 வருஷமா ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வழக்கு நடக்கிறவங்க மட்டும் வக்கீலிடம் போங்க. மத்தவங்க கேளுங்க.

அம்மாபேட்டை: அண்ணா, ஆடிக்கு அம்மன் பாட்டு ஆல்பம் போட்டிருக்கோம். எழுதினது, மெட்டுப் போட்டது, செலவு பண்ணினது எல்லாம் நாங்கதான். ஒரு கம்பெனி 15,000 தந்து எல்லா உரிமையும் கேக்குது. கொடுக்கலாமா?

அப்படியே கையெழுத்துப் போடாதீங்க தம்பி. என் முதல் பக்திக் கேசட்டை நான் இப்படித்தான் மொத்தமா எழுதிக் கொடுத்தேன். இன்னிக்கும் கோயில் ஸ்பீக்கரில் அது பாடுது. அதுக்கப்புறம் ஒரு பைசா வந்ததில்லை.

ஒரு பாட்டில் வரிக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒரு உரிமை, பதிவுக்கு ஒரு உரிமை. பதிவைத்தான் மாஸ்டர் என்கிறோம். முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்தவருக்கே அது சொந்தம். ஆக மூணும் உங்க கையில் இருக்கு. விற்காமல், சில வருஷத்துக்கு லைசென்ஸ், அதாவது பயன்படுத்திக்கிற அனுமதி மட்டும் கொடுங்க.

விற்றே ஆகணும்னா, ஒப்பந்தத்தில் காலமும் இடமும் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி, காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம்தான். இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதி நீட்டுவாங்க. இன்னொன்று: 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதினவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் (பாட்டைப் பயன்படுத்துறதுக்கு வர்ற பணம்) தங்களுக்குள்ள சமபங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தர்ற சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகுங்க.

கொண்டலாம்பட்டி: யூடியூபில் ஒரு லட்சம் வியூஸுக்கு எவ்வளவு வரும்?

நிலையான ரேட் கிடையாது. விளம்பரப் பணம் வரணும்னா 1,000 சந்தாதாரரும், 12 மாசத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் (இல்லேன்னா 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸும்) வேணும்.

சூரமங்கலம்: பத்து லட்சம் வியூஸ் போனா?

மேலே படிங்க.

ஏற்காடு: எங்க பாட்டி பாடின கும்மிப்பாட்டை, வெளியூர்க்காரர் ஒருத்தர் போனில் பதிந்து தன் பேரில் வெளியிட்டார். இப்ப நான் அதே பாட்டைப் பாடி யூடியூபில் போட்டால், அது அவர் பாட்டுன்னு எனக்கே கிளைம் வருது.

மெட்டும் வரியும் ஊர்ச்சொத்து. அதுக்கு அவர் உரிமை கொண்டாட முடியாது. உங்க பதிவு வேற, அவர் பதிவு வேற. அதையே எழுதி யூடியூபில் டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபம் போடுங்க. அவர் 30 நாளில் பதில் சொல்லணும்.

செவ்வாய்ப்பேட்டை: குறுக்கே வர்றேன். ஊர்ப் பாட்டில் யாருமே காசு பார்க்கக் கூடாது. பாட்டிக்கும் உரிமை இல்லை.

இதை நான் ஒத்துக்க மாட்டேன். பாட்டு பொதுதான், ஆனால் பாடின குரல் அவங்களது. சட்டம் அவங்களை நிகழ்த்துநர்னு சொல்லுது: சம்மதம் இல்லாமல் பதியக் கூடாது, பாடினவர் பேர் போடணும், அந்த உரிமை 50 வருஷம் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை: நாளைக்கு ஒவ்வொரு வீட்டிலும் பங்கு கேப்பாங்களே?

கேக்கட்டும். பதிந்தவர் சம்பாதிக்கலாம், பாடினவங்க கேட்டால் தப்பா? சேர்வராயன் கோயில் திருவிழாவில் பாடுறவங்க பேர் ஒரு பதிவிலாவது இருக்கா, தேடிப் பாருங்க.

ஜங்ஷன்: வியூஸுக்கு எவ்வளவு...

மூணாவது தடவை. முதலில் உங்க ஒப்பந்தத்தில் "நிரந்தரமாக" இருக்கான்னு பாருங்க.

ஏற்காட்டுத் தம்பி, பாட்டியைக் கேளுங்க. அவங்களுக்குச் சம்மதம்னா ஸ்டுடியோ வாடகை வேண்டாம், மாஸ்டர் அவங்க பேரிலேயே எழுதிடலாம். கீழே இறங்கி வர முடியாதுன்னா நானே மைக்கை எடுத்துக்கிட்டு மேலே வர்றேன்.