72 மணி நேரமும் ஒரு மாத்திரையும்

வணக்கம் டாக்டர்,

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி மகளிர் விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். எங்கள் பிள்ளை ஒருத்தி, உறவுக்குப் பின் கருத்தரிக்காமலிருக்கப் போடுவதாக ரீல்ஸில் பார்த்த '72 மணி நேர மாத்திரை'யை மூன்றாம் நாள் போட்டிருக்கிறாள். தேதி தள்ளிப் பத்து நாளாகிறது. இப்போது இன்னொரு ரீல் சொன்னதென்று பப்பாளியும் எள்ளும் தின்கிறாள். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கல்லூரிப் பையன்கள் பார்ப்பதோ நரம்புத் தளர்ச்சி விளம்பரங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் போனை வாங்கி வைத்துவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

போனை வாங்கி வைத்து ஒன்றும் ஆகாது, பகலில் பார்ப்பார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயில்லை என்று பையன்களுக்கு யாராவது ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். ஆண்மை மருந்து விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

என்னை உறுத்துவது அந்த 'மூன்றாம் நாள்'. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி சொல்வது போல ரீல்ஸில் 72 மணி நேரம் என்கிறார்கள். அதற்குள் எப்போது போட்டாலும் ஒன்றுதானே என்று பிள்ளைகள் இருந்துவிடுகிறார்கள். ஒன்றல்ல. அந்த மாத்திரை, அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். முட்டையை வெளியே தள்ளும் ஹார்மோன் ஏறிவிட்டால் அதை நிறுத்த இந்த மாத்திரையால் ஆகாது. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அதே மாதம் மறுபடி உறவு கொண்டால் அதற்கு இது காவல் இல்லை. முட்டை தாமதமாக வருவதால் ஆபத்து அப்போது கூடவும் செய்யும். பால்வினை நோயையும் தடுக்காது. உறவு நடந்து ஐந்து நாளுக்குள், கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி வைத்துக்கொண்டால் மாத்திரையைவிட உறுதி.

அவள் ஏன் மூன்று நாள் காத்திருந்தாள் என்று யோசித்தீர்களா? உள்ளூர் மருந்துக்கடையில் கேட்டால் 'எந்த வீட்டுப் பிள்ளை?' என்பார்கள், ஆச்சி காதுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மதுரை பஸ் ஏறும்வரை மாத்திரைக்கு வழியில்லை. நீங்களும் கூசினால் அவள் யாரிடம் போவாள்? ரீல் அவளைத் திட்டுவதில்லை, அதனால் நம்புகிறாள். ஆனால் 'கடைசி பீரியட்ஸ் என்றைக்கு? மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டாய்?' என்று அது திருப்பிக் கேட்காது. கேட்க வேண்டியவர் நீங்கள்தான் அம்மா. கல்லூரியில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் இருக்குமே, டிசம்பர் 1-ஆம் தேதி ஊர்வலம் போவதோடு அதன் வேலை முடிந்துவிட்டதா?

பப்பாளியும் எள்ளும் கருவைக் கலைக்காது, நாளைத்தான் தின்னும். நாளைக் காலை முதல் சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் கார்டு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அட்டையில் போட்டிருக்கும் சொட்டுக் கணக்குப்படி விட்டு, அதில் சொன்ன நிமிடத்தில் பார்க்க வேண்டும். அரைமணி கழித்துத் தெரியும் மங்கல் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். 'சி' கோடு வரவில்லையென்றால் அட்டையே பழுது. உறவு நடந்து 21 நாள் ஆகியிருந்தால் முடிவை நம்பலாம்.

இரண்டு கோடு வந்தால் கலைப்பு மாத்திரையை மட்டும் ரகசியமாக வாங்கிப் போட வேண்டாம். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது, ரத்தப்போக்கைப் பார்த்துக் கலைந்துவிட்டது என்று நினைத்திருக்கும்போதே குழாய் வெடிக்கலாம். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 18 வயது ஆகியிருந்தால் அவள் சம்மதம் ஒன்றே போதும். கல்யாணம் ஆனவளா என்பது சட்டத்துக்குத் தேவையில்லை, பெயரையும் வெளியில் சொல்லக் கூடாது. 17 என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் வரும். அதனால் முதலில் வயதைக் கேளுங்கள்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி என்று சொன்னால் டெஸ்டுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.